"எது பெஸ்ட்?" கேள்விகளை மூடுவதா, விடுவதா? மாடரேட்டர்கள் உதவுங்கள்

செம்பருத்தி:
வணக்கம். மாடித்தோட்டத்துக்கான ஒரு தமிழ் கேள்வி பதில் குழுவில் நான் மாடரேட்டர். இலை சுருட்டல், மாவுப்பூச்சி மாதிரி கேள்விகளில் பிரச்சினையே இல்லை. "மண் தொட்டி நல்லதா, குரோ பேக் (செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பை) நல்லதா?" என்று யாராவது கேட்டால்தான் தொல்லை. "தொட்டிதான்", "பைதான்" என்று ஒற்றை வரிப் பதில்களாகக் கொட்டுகின்றன, அப்புறம் பிளாஸ்டிக் கூடவே கூடாது என்பவர்கள் வந்து சண்டை. மூடினால், கேட்டவர் பெரும்பாலும் புதியவர், மனம் நொந்து போய்விடுகிறார். விட்டால் நன்றாகப் பதில் எழுதுகிற பழைய ஆட்கள் ஒதுங்குகிறார்கள். எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

கரிசல்:
இது எல்லா இடத்திலும் இருக்கிற தலைவலிதான் அக்கா. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்கிற, நிரல் எழுதுபவர்களுக்கான கேள்வி பதில் தளம் 2008இல் தொடங்கியதிலிருந்தே இதோடு மல்லுக்கட்டியது. அதுவும் சேர்ந்த ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்கிற தளக் குழுமத்தின் ஆட்கள் 2010இல் இதற்கென்றே ஆறு வழிகாட்டிகள் எழுதினார்கள். கருத்து கேட்கிற கேள்வி எல்லாமே கெட்டது இல்லை, ஏன், எப்படி என்று விளக்க வைக்கிற கேள்வியா, சொந்த அனுபவத்தை வரவழைக்கிறதா, சொன்னதற்கு ஆதாரம் கேட்கிறதா என்று பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். நான் மாடரேட் செய்யும்போது இன்னும் சுருக்கமாக ஒன்றைத்தான் பார்ப்பேன்: இதற்கு வரும் பதிலைத் தவறு என்று யாராவது காட்ட முடியுமா? முடியும் என்றால் இருக்கட்டும். உங்கள் தொட்டிக் கேள்வியில் எந்தப் பதிலும் தவறாக முடியாது, ஏனென்றால் கேட்டவருடைய மாடியே அதில் இல்லை.

தொட்டிச்செடி:
எல்லாவற்றையும் மூடிவிடுவதே நல்லது என்பேன். விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான்.

கரிசல்:
அப்படிச் செய்தால் பயனுள்ளதும் போய்விடும் தம்பி. அதே கேள்வியை இப்படி மாற்றிப் பாருங்கள்: "சென்னை, நாள் முழுக்க வெயில் படும் மொட்டை மாடி, தக்காளி வைக்கப் போகிறேன், வாரக் கடைசியில் ஊருக்குப் போய்விடுவேன். தொட்டியா, பையா? வைத்தவர்கள் தண்ணீர் எப்படித் தாங்கியது என்று சொல்லுங்கள்." இப்போது பதில் சொல்பவர் யோசித்தே ஆக வேண்டும். சுட்ட மண் தொட்டியின் பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும், வேர் குளிர்ச்சியாக இருந்தாலும் மண் சீக்கிரம் காயும். பிளாஸ்டிக் பையில் ஈரம் நிற்கும், ஆனால் அடியில் ஓட்டை சரியாக இல்லாவிட்டால் வேர் அழுகும். விருப்பத்தைக் கேட்ட கேள்விதான், இருந்தாலும் பதிலைச் சரிபார்க்க முடிகிறது.

செம்பருத்தி:
புரிகிறது. ஆனால் புதியவருக்கு இப்படிக் கேட்கத் தெரியாதே? அவர் திருத்தி எழுதுவதற்குள் ஒற்றை வரிகள் குவிந்துவிடும்.

கரிசல்:
அதனால்தான் உடனே மூட வேண்டும் என்கிறேன், ஆனால் அழிக்கக் கூடாது. மூடினால் புதுப் பதில் வராது, கேள்வி அப்படியே இருக்கும், அவர் நிதானமாகத் திருத்தலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலும் மூடிய கேள்வியைத் திருத்தினால் மறுபடி திறக்கலாமா என்று பார்க்க ஒரு வரிசைக்கு அனுப்ப முடியும், அங்கே மூடுவதற்கு வேண்டிய வாக்குகளின் எண்ணிக்கையையே 2019இல் ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். உங்கள் குழுவில் மூடுகிற கை வேகமாக இருந்தால் திறக்கிற கையும் அதே வேகத்தில் இருக்கணும், இல்லையென்றால் அது வெறும் துரத்தல். "கருத்து சார்ந்தது" என்று மட்டும் எழுதி மூடாதீர்கள், அது யாருக்கும் வழி காட்டாது. "எந்த ஊர், எத்தனை மணி நேர வெயில், என்ன செடி என்று சேருங்கள், நானே திறந்து விடுகிறேன்" என்று எழுதுங்கள்.

தொட்டிச்செடி:
சரி, திறந்த பிறகும் "பைதான் பெஸ்ட்" என்று வந்தால்?

கரிசல்:
அதை நீக்கிவிட்டு, எத்தனை நாள் வைத்திருந்தார், என்ன ஆனது என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கேள்விக்குச் சொன்ன விதி பதிலுக்கும் உண்டு. இதில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம், பழைய உறுப்பினராக இருந்தாலும்.

செம்பருத்தி:
நன்றி கரிசல். மூடும்போது போடுகிற குறிப்பை இன்றைக்கே மாற்றி எழுதுகிறேன். "எந்த நர்சரி நல்லது?" என்று கேட்பவர்களை என்ன செய்வது?

கரிசல்:
அது வேறு ரகம், கடைக்காரர்களே வந்து பதில் போடுவார்கள். தனி இழை திறங்கள், பேசலாம்.