மறு: லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் முதுநிலைப் பட்டம் – ‘நிலக்கலை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். இந்த இழையில் இதுவரை வந்த எல்லா மடல்களையும் படித்தேன். பூங்கா, ஆற்றங்கரை போன்ற திறந்தவெளி நிலத்தை வடிவமைக்கும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிப்புக்கு, பல்கலைக்கழகப் பாடப்பிரிவுகளின் தமிழ்ப் பட்டியலுக்காகக் கேட்கப்பட்ட சொல் இது என்பதால், இந்தத் துறையில் முதுநிலை படித்தவள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேசைமேல் இப்போது நான்கு சொற்கள் இருக்கின்றன: நிலத்தோற்றக் கட்டடக்கலை, நிலவெழிற்கலை, திணையமைப்பியல், நிலவமைப்பியல். நான் ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: நிலக்கலை. அந்தப் பட்டம் பெற்றவர் நிலக்கலைஞர்.

> மூலத்தில் ஆர்க்கிடெக்சர் என்று தெளிவாக இருக்கும்போது கட்டடக்கலையை விட்டுவிடுவது மொழிபெயர்ப்பு ஆகுமா?

இழையில் ஐயா ஒருவர் எழுப்பிய இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் இருவரும்தான் 1860களில் இந்தப் பெயரைத் தங்கள் தொழிலுக்குச் சூட்டிக்கொண்டவர்கள். வாக்ஸ் கட்டடக்கலைஞர். ஓம்ஸ்டெட் அப்படி அல்ல. பண்ணை வைத்திருந்தார், பத்திரிகைகளுக்கு எழுதினார். அந்த ஓம்ஸ்டெட்டே 1865இல் வாக்ஸுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பெயரை நொந்துகொள்கிறார். லேண்ட்ஸ்கேப் என்பதும் நல்ல சொல் இல்லை, ஆர்க்கிடெக்சர் என்பதும் இல்லை, இரண்டையும் சேர்த்தாலும் சரிவரவில்லை, தோட்டக்கலை என்றாலோ அதைவிட மோசம் என்பது அவர் எழுதியதன் சாரம். பெயரை வைத்தவருக்கே ஒட்டாத ஒன்றை நாம் உறுப்புக்கு உறுப்பு பெயர்த்து எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் என்ன?

மற்றவர்களும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் இத்துறையினரின் சங்கம் 1899இல் தொடங்கியபோது நிறுவன உறுப்பினர் 11 பேரில் ஒரே பெண் பியாட்ரிக்ஸ் ஃபரண்ட். அவர் கடைசிவரை தம்மை லேண்ட்ஸ்கேப் கார்டனர் என்றே சொல்லிக்கொண்டார். பிரான்சில் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டம் சட்டக் காப்பு பெற்றது. ஆகவே வெர்சாயில் உள்ள பள்ளியில் இத்துறையைப் படித்து வருபவர் பேசஜிஸ்ட்தான் (நிலக்காட்சியாளர் என்பது போல), பெயரில் கட்டடமே கிடையாது. சீனாவில் இந்தப் பெயருக்காகப் பெரிய சண்டையே நடந்தது. ‘காட்சியும் தோட்டமும்’ என்று பொருள்படும் ஃபெங்ஜிங் யுவான்லின் ஒரு பக்கம். பீக்கிங் பல்கலைக்கழகத்தில் இத்துறையை வளர்த்த யூ கோங்ஜியான் போன்றவர்கள் விரும்பிய, தோட்டம் என்ற சொல் வராத ஜிங்குவான் (நிலக்காட்சி) மறுபக்கம். தோட்டம் என்ற சொல் பெயரில் இருக்கும்வரை வெள்ளமும் ஆறும் வேளாண் நிலமும் இத்துறையின் கண்ணில் படாமல் போய்விடும் என்பது இரண்டாம் தரப்பின் கவலை. 2011இல் சீன அரசின் பட்டப்படிப்புப் பட்டியலில் இத்துறை தனிப்பெருந்துறையாக உயர்த்தப்பட்டபோது ஃபெங்ஜிங் யுவான்லின் என்ற பெயரே நின்றது. அங்கே நடந்தது வெறும் சொல்விளையாட்டு இல்லை. பெயருக்கு ஏற்றபடியே பாடத்திட்டமும் வளையும் என்று இரு தரப்பும் அறிந்திருந்தார்கள்.

நம் ஊரில் இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. இந்தியாவில் இந்த முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஐந்தாண்டு பி.ஆர்க் (கட்டடக்கலை இளநிலை) முடித்தவர்களுக்கான இரண்டாண்டுப் படிப்பு. அதனால் இது கட்டடக்கலையின் கிளை என்றே தோன்றிவிடுகிறது. ஆனால் ஹார்வர்டில் 1900இல் தொடங்கிய படிப்பின் இன்றைய வடிவத்தைப் பாருங்கள். வேறு எந்தப் பாடத்தில் இளநிலை முடித்தவரும் சேரலாம், அவர்களுக்கு மூன்றாண்டு. தாவரவியலும் புவியியலும் வரலாறும் படித்தவர்கள் நேரே உள்ளே வருகிறார்கள். அவர்கள் வெளியே வரும்போது கட்டடக்கலைஞர்களாக வருவதில்லை. சென்னையில் எம்.ஆர்க் என்றே பட்டம் தருகிறார்களே என்றால், அந்தப் பட்டத்தை ‘கட்டடக்கலை முதுநிலை – நிலக்கலை’ என்று எழுதிக்கொள்ளலாம். தடை ஒன்றும் இல்லை.

அடுத்து, தோற்றம். இதைத்தான் நான் வலுவாக மறுக்கிறேன்.

இலங்கை நண்பர் அங்கே தரைத்தோற்றம் என்ற சொல் புவியியலில் வேரூன்றியிருப்பதை எழுதியிருந்தார். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆறும் காற்றும் பனியும் உண்டாக்கும் வடிவங்களை நிலத்தோற்றங்கள் என்கிறோம். ஆக, அந்தச் சொற்களுக்கு ஏற்கெனவே வீடு இருக்கிறது. அதைவிட முக்கியமானது, தோற்றம் என்பது பார்ப்பவருடைய கண்ணில் நிற்பது. எழில் இன்னும் ஒரு படி மேலே போய் அழகு மட்டுமே வேலை என்று சொல்லிவிடுகிறது. ஒரு மாணவி முதல் பருவத்தில் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். சமவுயரக் கோடுகள் போட்ட வரைபடத்தை விரித்து, மழை பெய்தால் எங்கிருந்து எங்கே ஓடும் என்று அம்புக்குறி போடுகிறாள். மண்ணைக் குழி தோண்டிப் பார்க்கிறாள். எந்த இடத்தில் எத்தனை மணிநேரம் வெயில் விழுகிறது என்று குறிக்கிறாள். பிறகுதான் கோடு வரையவே பென்சிலை எடுக்கிறாள். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இயன் மக்ஹார்க் வளர்த்தெடுத்த முறை இதுவே: பாறை, மண், நீர், தாவரம், விலங்கு என்று ஒவ்வொன்றையும் ஒளிபுகும் தாளில் தனித்தனியே வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எங்கே கட்டலாம், எங்கே கட்டவே கூடாது என்று பார்ப்பது. 1969இல் அவர் நூலாக வெளியிட்ட இந்த முறைதான் இன்று கணினியில் புவித்தகவல் அடுக்குகளாக எல்லா வகுப்பிலும் இருக்கிறது. இதில் எழிலுக்கு இடமுண்டு, ஆனால் அது முதல் இடமில்லை.

சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்று. அடையாறு கழிமுகத்தை ஒட்டி, கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி மேடாகிப்போன 58 ஏக்கரை மீட்டு 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். அங்கே நடந்த வேலையில் பெரும்பகுதி மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஆனது. இடிபாட்டை அகற்றினார்கள், நீர்நிலைகளைத் தோண்டினார்கள், கடலேற்றத் தண்ணீர் வந்துபோக வழிவிட்டார்கள், இந்தக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைக்காட்டு மரங்களை வைத்தார்கள். பாஸ்டனில் ஓம்ஸ்டெட் 1870களின் இறுதியில் ஃபென்ஸ் சதுப்பில் எடுத்த வேலையும் இதே இனம்தான். சாக்கடையும் வெள்ளமும் கடலேற்றமும் மோதிய ஓர் இடத்தை உப்புச் சதுப்பாக மீட்டெடுத்தார். அதைப் பூங்கா என்று அழைப்பதையே அவர் விரும்பவில்லை. நகரின் சுகாதார வேலை என்று சொன்னார். இந்த இரண்டு வேலைகளுக்கும் ‘நிலவெழில்’ என்று பெயர் வைத்தால் செய்தவர்களுக்கு அது நியாயம் இல்லை.

திணையமைப்பியல் என்ற பரிந்துரையைப் படித்தபோது மனம் அதன் பக்கம் சாய்ந்ததை மறைக்க விரும்பவில்லை. நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்று வைத்த தொல்காப்பிய மரபு இத்துறைக்கு எவ்வளவு நெருக்கமானது! கட்டடக்கலைஞர் முடித்துக் கொடுக்கும் நாளில் கட்டடம் முழுமையாக நிற்கும். நிலக்கலைஞர் முடித்துக் கொடுக்கும் நாளில் இடுப்பளவு கன்றுகள்தான் நிற்கும். ஐந்தாம் ஆண்டில், பதினைந்தாம் ஆண்டில், முப்பதாம் ஆண்டில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று மூன்று நான்கு படம் வரையாமல் மாணவர் வடிவமைப்பை மதிப்பிடும் எந்த ஜூரியும் விடமாட்டார்கள். பொழுது இல்லாமல் இந்தப் படிப்பே இல்லை.

ஆனாலும் திணையைத் துறைப்பெயராக வைக்க எனக்குச் சம்மதமில்லை. உயர்திணை, அஃறிணை என்று இலக்கணத்தில் வேறு பொருள் ஆழப் பதிந்திருக்கிறது. அகத்திணை என்றால் ஒழுக்கமும் சேர்ந்தே வருகிறது. தவிர, ராட்டர்டாமில் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலத்தைப் படிக்கும் மாணவருக்கும் இதே சொல்தான் போக வேண்டும். ஐந்து நிலத்துக்குள் அவரை எங்கே உட்கார வைப்பது? திணையை உள்ளே ஒரு பாடத்தின் பெயராக வையுங்கள். எந்த மாதம் எது இலை உதிர்க்கும், எது பூக்கும் என்று காட்டும் பருவ அட்டவணைக்கு ‘பொழுதுப்படம்’ என்று வைக்கலாம் என்பது என் ஆசை.

நிலவமைப்பியல் இலக்கணப்படி பிழையில்லை. மகர ஈறு கெட்டு வகர உடம்படுமெய் வந்திருக்கிறது, மரவடி போல. ஆனால் படிப்பவர் நிலவு + அமைப்பு என்று பிரித்துவிட்டால் அது வானியல் ஆகிவிடும். நிலவியலும் பக்கத்திலேயே நிற்கிறது. போதும்.

இனி நிலக்கலை மீது வரக்கூடிய கேள்விகள். தனிமடலில் இரண்டு ஏற்கெனவே வந்துவிட்டன.

> கலை என்றால் ஓவியம், சிற்பம் என்று நினைப்பார்கள். சூழலியலும் பொறியியலும் எங்கே போயின?

கலைச்சொல் என்று நாம் சொல்கிறோமே, அதில் உள்ள கலை எது? கலைக்களஞ்சியத்தில் உள்ளது எது? கற்றுத் தேரும் அறிவுத்துறை என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். நுண்கலை என்று சுருங்கியது பின்னால். கட்டடக்கலைக்குள் கம்பிக் கணக்கும் காங்கிரீட்டும் சண்டையில்லாமல் இருக்கின்றன. நிலக்கலைக்குள் மண்ணியலும் நீரியலும் அப்படியே இருக்கும். இன்னொரு நன்மை: கட்டடக்கலை – கட்டடக்கலைஞர், நிலக்கலை – நிலக்கலைஞர் என்று இரண்டும் உடன்பிறப்புகளாக நிற்கும், ஒன்று மற்றொன்றின் கிளையாகாமல்.

> வாய்விட்டுச் சொன்னால் நிலக்கடலை என்று காதில் விழுகிறது.

விழும், முதல் சில தடவை. நிலக்கரியும் அதே அச்சில் வார்த்த சொல்தான். புழங்கப் புழங்கத் தனக்கென ஓர் ஒலியைப் பிடித்துக்கொண்டது. வெட்டவெளியில் மண்ணையே பொருளாக வைத்துச் செய்யும் லேண்ட் ஆர்ட்டுக்கு இந்தச் சொல் வேண்டாமா என்று யாரேனும் கேட்டால், அதற்கு நிலச்சிற்பம் பொருத்தம் என்பேன்.

லேண்ட்ஸ்கேப் என்ற தனிச்சொல்லுக்கு ஒரே நிகர் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். ஓவியத்தில் நிலக்காட்சி நன்றாக வாழ்கிறது. புவியியலில் நிலத்தோற்றமும் தரைத்தோற்றமும் இருக்கட்டும். வட்டாரம், ஆற்றுப்படுகை என்று பெரிய அளவில் பேசும்போது நிலப்பரப்பு. லேண்ட்ஸ்கேப் ஈகாலஜி நிலப்பரப்புச் சூழலியல். ஆங்கிலம் ஒரு சொல்லில் அடைத்ததை நாமும் ஒன்றிலேயே அடைக்கத் தேவையில்லை.

பாடத்திட்டத்துக்குள் வரும் சில சொற்களையும் சேர்த்தே முடிவு செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். கிரேடிங் என்பதற்கு ஒரு மடலில் ‘தரப்படுத்தல்’ என்று வந்திருந்தது. அது மதிப்பெண் போடுவது, இங்கே பொருந்தாது. தண்ணீர் தேங்காமல் ஓட நிலத்தைச் சரித்து அமைப்பதை நம் கொத்தனார்கள் வாட்டம் என்கிறார்கள். ‘இந்தப் பக்கம் வாட்டம் பத்தாது’ என்றால் தளத்தில் இருக்கும் எல்லோருக்கும் புரியும். வாட்டமமைத்தல் என்று எழுதினால் வகுப்பில் படித்த சொல்லும் வேலைத்தளத்தில் கேட்கும் சொல்லும் ஒன்றாகிவிடும். பிளாண்டிங் பிளானுக்கு நடவுப்படம். ஸ்டூடியோவுக்குப் பட்டறை என்று சிலர் எழுதுகிறார்கள்; பயிற்சிப் பட்டறையோடு குழம்பும். ஸ்டூடியோவை அப்படியே விட்டுவிடலாம். ஏரியின் உபரிநீர் வழிக்குக் கலிங்கு இருக்கும்போது புதிதாக எதுவும் வேண்டாம்.

எனக்குச் சரியான சொல் அகப்படாத இடம் ஒன்று இருக்கிறது: ஹார்ட்ஸ்கேப் (கல், பலகை போன்றவற்றால் கட்டும் பகுதி), சாஃப்ட்ஸ்கேப் (செடி, மரம், புல் வளரும் பகுதி). வன்தளம், மென்தளம் என்று நேராகப் பெயர்த்தால் இரண்டாவது உயிருள்ளது என்பதே தெரிவதில்லை. கற்பரப்பு, பசும்பரப்பு என்றால் மரப்பலகை நடைமேடையையும் நீர்த்தொட்டியையும் எதில் சேர்ப்பது? தோட்ட வேலை எடுத்துச் செய்பவர்களோடும் நாற்றங்கால்காரர்களோடும் பழகுகிறவர்கள் இந்தக் குழுமத்தில் இருப்பீர்கள். அவர்கள் வாயில் இவற்றுக்கு என்ன பெயர் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். பட்டியலை அனுப்பும் முன் அதையும் சேர்த்துவிடுவோம்.

அன்புடன்.