34 அங்குல அல்ட்ராவைட் மானிட்டர்: 3440 × 1440 வராமல் 2560-லேயே நிற்கிறது

கேட்டவர்:
வணக்கம். புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பும் பிழைதிருத்தமும் செய்பவள் நான். இரண்டு பக்கங்களை அருகருகே வைத்துப் பார்க்க வசதியாக இருக்கும் என்று 34 அங்குல அல்ட்ராவைட் மானிட்டர் வாங்கினேன். அதன் முழு ரெசல்யூஷன் 3440 × 1440. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால், விண்டோஸ் பட்டியலில் 2560 × 1440-க்கு மேல் எதுவுமே இல்லை. அந்தப் படத்தைத் திரை முழுக்க இழுத்துக் காட்டுகிறது. 'ழ' சப்பையாக அகன்று கிடக்கிறது. சின்ன எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிக் கரைந்துவிடுகிறது. 'க'வா 'க்'கா என்று ஒவ்வொரு வரியிலும் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருந்தால் பிழைதிருத்தம் எப்படி நடக்கும்?

கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன், கேபிளை மாற்றினேன், பலனில்லை. இன்டெல் கிராபிக்ஸ் அமைப்புக்குள் போய் 3440 × 1440, 60 ஹெர்ட்ஸ் என்று நானே சேர்க்கப் பார்த்தேன். அதிகபட்ச பேண்ட்வித்தை (நொடிக்கு அனுப்பக்கூடிய தரவின் அளவை) தாண்டுகிறது என்று மறுத்துவிட்டது. லேப்டாப் 7-ஆம் தலைமுறை இன்டெல். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மானிட்டரில்தான் பழுதா? திருப்பிக் கொடுக்க இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.

பதில் 1:
கேபிள் கோளாறாகத்தான் இருக்கும் சகோ. 2.1 என்று போட்ட நல்ல கேபிளாக வாங்கிப் பாருங்கள்.

பதில் 2:
கேபிள் வாங்க வேண்டாம், மானிட்டரையும் திருப்ப வேண்டாம். அந்த மறுப்புச் செய்தியிலேயே விடை இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையில் தெரிவது ஒரு வரிசைக்கு 3440 பிக்சல். ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் படமில்லாத ஒரு சிறு இடைவெளியும் கேபிளில் போகும். குழாய்த் திரைக் காலத்தில் எலக்ட்ரான் கற்றை அடுத்த வரிசையின் தொடக்கத்துக்குத் திரும்பிவர விட்ட நேரம் அது. எல்சிடி வந்தபிறகு சுருங்கியதே தவிர, போகவில்லை. 1440 வரிசைகள் முடிந்த பிறகும் அப்படிச் சில வெற்று வரிசைகள் போகும். அதைச் சேர்த்தால் 3600 × 1481, நொடிக்கு 60 தடவை. கிட்டத்தட்ட 32 கோடி பிக்சல், அதாவது 320 மெகாஹெர்ட்ஸ். இதைத்தான் பிக்சல் கிளாக் என்பார்கள்.

உங்கள் தலைமுறை லேப்டாப்களில் எச்டிஎம்ஐ பெரும்பாலும் 1.4. அந்தத் தரத்தின் உச்சவரம்பு 340 மெகாஹெர்ட்ஸ் என்றாலும், பல லேப்டாப்கள் 300-லேயே நின்றுவிடும். 320 உள்ளே நுழையாது. 2560 × 1440-க்கு 241.5 போதும் என்பதால் விண்டோஸ் அதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கேபிளில் 2.1 என்று எழுதியிருந்தாலும் லேப்டாப்புக்குள் இருக்கும் சிப் மாறாது.

அதே இன்டெல் அமைப்பில் 60-க்குப் பதில் 50 ஹெர்ட்ஸ் கொடுங்கள். டைமிங் என்ற இடத்தில் 'சிவிடி ரிட்யூஸ்டு பிளாங்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் அந்த வெற்று இடைவெளி பெரிதாகி மறுபடி மறுத்துவிடும். 50-க்கு 265 மெகாஹெர்ட்ஸ்தான் தேவை.

கேட்டவர்:
வந்துவிட்டது! 3440 × 1440, 50 ஹெர்ட்ஸ். புள்ளிகள் எல்லாம் ஊசி முனை மாதிரி தெளிவாகத் தெரிகின்றன. மிக்க நன்றி அண்ணா.

ஒரே ஒரு குறை. நீண்ட பக்கத்தை வேகமாக உருட்டும்போது லேசாகத் தட்டித் தட்டிப் போகிறது. நாள் முழுக்க உருட்டுகிற வேலை என்பதால் 60 கிடைத்தால் நல்லது. லேப்டாப்பில் ஒரு டைப்-சி போர்ட் இருக்கிறது. என்னிடம் இருக்கும் ஹப்பை அதில் செருகி, ஹப்பின் எச்டிஎம்ஐ வழியாகவும் பார்த்தேன். அங்கேயும் 60 வரவில்லை.

பதில் 3:
ஹப்பின் அடியில் '4கே 30 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் எச்டிஎம்ஐயும் 1.4 வகைதான். 4கே 30-க்கு வேண்டியது 297 மெகாஹெர்ட்ஸ், உங்களுக்கு வேண்டியது 320. 4கே என்று போட்டிருப்பதைப் பார்த்து, அதைவிடச் சின்னதான நம் திரை ஓடாதா என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் 30-ஐத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எச்டிஎம்ஐ போலவே படம் அனுப்பும் இன்னொரு இணைப்பு டிஸ்ப்ளேபோர்ட். டைப்-சி போர்ட்டுக்குப் பக்கத்தில் அதன் சின்னமோ (டி, பி எழுத்துகள் சேர்ந்தது போல இருக்கும்) மின்னல் சின்னமோ இருக்கிறதா? சின்னமே இல்லாமலும் படம் அனுப்பும் போர்ட்கள் உண்டு, ஆகவே லேப்டாப்பின் கையேட்டையும் ஒருமுறை பாருங்கள். படம் வரும் போர்ட் என்றால், டைப்-சியிலிருந்து நேராக டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் ஒற்றைக் கேபிள் வாங்குங்கள், நடுவில் ஹப் வேண்டாம். இந்தக் கேபிள்கள் பெரும்பாலும் ஒருவழிப்பாதை. லேப்டாப் பக்கம் டைப்-சி, மானிட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட் என்று கேட்டு வாங்குங்கள். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 நொடிக்கு 17.28 கிகாபிட் தரவு கடத்தும், உங்கள் 60 ஹெர்ட்ஸுக்கு 8 கிகாபிட்கூட ஆகாது.

கேட்டவர்:
மின்னல் சின்னம் இருக்கிறது. ஹப்பில் நீங்கள் சொன்ன '4கே 30' அப்படியே அச்சாகியிருக்கிறது. கேபிள் இன்று வந்தது. ஆனால் இப்போது புதிதாக ஒன்று: 1720 × 1440 மட்டும்தான் வருகிறது, திரையில் பாதிக்குத்தான் படம். மறுபாதி கறுப்பு. லேப்டாப்பையும் மானிட்டரையும் அணைத்துப் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. கேபிள் மோசமா?

பதில் 2:
1720-ஐ இரண்டால் பெருக்குங்கள், 3440 வரும். மானிட்டர் மெனுவில் பிபிபி என்ற வசதி இயங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு கணினிகளைப் பக்கம் பக்கமாகக் காட்டுவதற்காக உள்ளது அது. இயங்கும்போது, என் அகலமே 1720தான் என்று மானிட்டர் லேப்டாப்பிடம் சொல்லிவிடும். லேப்டாப்பும் அதை நம்பித்தானே ஆக வேண்டும்! மெனுவில் அணைத்துவிட்டு, கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள்.

அப்புறம், விண்டோஸில் மேம்பட்ட காட்சி அமைப்பைத் திறந்து இரண்டு வரிகளைப் பாருங்கள். டெஸ்க்டாப்பின் அளவு ஒன்று, மானிட்டருக்குப் போகும் சிக்னலின் அளவு இன்னொன்று. இரண்டிலும் 3440 × 1440 இருக்க வேண்டும். மாறியிருந்தால் நடுவில் எதுவோ படத்தை இழுக்கிறது என்று அர்த்தம், எழுத்து மங்கலாகத்தான் தெரியும்.

கேட்டவர்:
ஆமாம், முதல் நாள் மெனுவில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தபோது அது இயங்கியிருக்கிறது. அணைத்ததும் 3440 × 1440, 60 ஹெர்ட்ஸ் தானாகவே வந்துவிட்டது. இரண்டு வரியும் ஒன்றாக இருக்கின்றன. வட்டம் ஒன்று வரைந்து ஸ்கேலை வைத்து அளந்தேன்: குறுக்கே 10 சென்டிமீட்டர், நெடுக்கே 10 சென்டிமீட்டர்.

இன்னொருவர்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 2560 × 1080 திரை, இன்னும் பழைய லேப்டாப். எச்டிஎம்ஐ தவிர வேறு போர்ட் இல்லை. 1920 × 1080-க்கு மேல் வரமாட்டேன் என்கிறது.

பதில் 2:
அதே கதைதான், வரம்பு மட்டும் இன்னும் கீழே. பழைய எச்டிஎம்ஐ 165 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், உங்கள் திரைக்கு 60 ஹெர்ட்ஸில் 180-க்கு மேல் வேண்டும். 50 ஹெர்ட்ஸ், ரிட்யூஸ்டு பிளாங்க் என்று கொடுத்தால் ஏறக்குறைய 150தான் ஆகும், வரம்புக்குள் அடங்கிவிடும். போட்டுப் பார்த்துவிட்டு என்ன வந்தது என்று சொல்லுங்கள்.