வன்னியின் பழைய மாட்டுக் கள்வர் ஒருவரை ஆவணங்களில் எங்கே தேடுவது?

வினா: பட்டி மாடுகளை இரவோடிரவாகக் காட்டுவழியே ஓட்டிச் சென்றவர் என்று எங்கள் முல்லைத்தீவுப் பெரியவர்கள் அச்சமும் வியப்பும் கலந்து பேசும் ஒருவரின் வாழ்வை எழுத விரும்புகிறேன். அவர் 1890களில் வாழ்ந்தவராம். போரில் உள்ளூர்ப் பதிவுகள் பல அழிந்துவிட்ட நிலையில் எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1: கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தொடங்குங்கள். முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஆங்கிலேய ஆட்சியின் நிர்வாகிகளாகப் பணியாற்றிய உதவி அரசாங்க அதிபர்கள் தம் சுற்றுப்பயணங்களில் எழுதிய நாட்குறிப்புகளில் குளங்கள், காய்ச்சல், களவு எல்லாமே இடம்பெறுகின்றன. ஆங்கில எழுத்தில் ஆட்பெயர் சிதைந்திருக்கக்கூடும் என்பதால், ஊரையும் ஆண்டையும் கொண்டு தேடுவதே நல்லது.

மறுமொழி 2: அந்நாளில் கிராமக் காவல் பெரும்பாலும் உள்ளூர்த் தலைமைக்காரர்களான விதானையார், உடையார் கையில் இருந்தது, ஆகவே 'பேர்பெற்ற கள்வன்' என்ற குறிப்புக்குப் பின்னால் காணிப் பகையோ குடும்ப வழக்கோ இருக்கலாம். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய வன்னித் தலைவன் பண்டாரவன்னியனையே ஆங்கிலேயர் கலகக்காரனாகத்தான் பதிந்தார்கள். நீங்கள் தேடுபவர் தண்டனை பெற்றாரா என்பதை நீதிமன்றப் பதிவில் உறுதிசெய்யாமல் அவரைக் கள்வர் என்று எழுதிவிடாதீர்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அதே ஊரில் வாழக்கூடும்.

மறுமொழி 3: மாடுகளின் குறிசுடு அடையாளங்களை முதியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். களவு வழக்குகளில் உரிமையை நிறுவ உதவியவை அவையே.