குடித்தபின் அத்துமீறும் ஆண்களுக்கு உணர்ச்சிப் பயிற்சி பயன் தருமா?

கேள்வி: விடுதிக் காப்பாளர், திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். ஒரு பனியன் கம்பெனியின் ஆண் தொழிலாளர் விடுதியைக் கவனித்து வருகிறேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு டாஸ்மாக் கடைக்குச் செல்லும் இளைஞர்களில் சிலர், திரும்பும் வழியில் உடன் வேலை செய்யும் பெண்களிடம் அத்துமீறுவதாகப் புகார்கள் வருகின்றன. குடியின் தீமையைப் பற்றிக் கூட்டம் நடத்தியும் பெரிய மாற்றம் இல்லை. கோபம், ஏமாற்றம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தந்தால் இது குறையுமா? அல்லது, தவறு செய்தவனுக்கு அதுவே ஒரு சாக்காகிவிடுமா?

பதில் 1: மனநல ஆலோசகர், கோயம்புத்தூர்

ஐயா, குடிக்கும் ஆண்களில் பெரும்பாலோர் யாரிடமும் அத்துமீறுவதில்லை என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். மது கவனத்தைக் குறுக்கிவிடுகிறது என்று கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசஃப்ஸ் என்ற உளவியலாளர்கள் 1990இல் விளக்கினார்கள். அந்த நேரத்தில் மனத்தில் முந்தி நிற்கும் ஆசையோ ஆத்திரமோ பெரிதாகத் தெரிய, விலகிப் போக முயலும் பெண்ணின் முகமும், நாளை வரப்போகும் விளைவும் பார்வையிலிருந்து நழுவிவிடுகின்றன. ஆகவே, போதையில் அறிவுரை நினைவுக்கு வரும் என்று நம்பிப் பயனில்லை. தெளிந்திருக்கும்போதே திரும்பத் திரும்பப் பழகியது மட்டுமே அப்போது ஓரளவு கைகொடுக்கும்.

"கோபத்தை அடக்கிக்கொள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வெளியே காட்டாமல் அடக்குவதால் உள்ளிருக்கும் கொதிப்பு தணிவதில்லை என்பதை உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடந்ததை வேறு விதமாக எண்ணிப் பார்க்கும் பழக்கமே அதைவிடப் பயன் தருகிறது. நான் பயிற்சியில் ஓர் எளிய நிகழ்வையே எடுத்துக்கொள்வேன்: வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை அந்தப் பெண் படித்துவிட்டாள், பதில் இல்லை. "என்ன தோன்றுகிறது?" என்று கேட்டால், முதலில் எல்லோரும் கோபம் என்பார்கள். சற்றுப் பொறுத்தால் ஒருவர், "நாலு பேர் முன்னால் கேவலமாகிவிட்டது போல இருக்கிறது" என்பார். அந்த அவமானத்தை அடையாளம் கண்டு, அவளுக்கு விருப்பமில்லை, அது அவளுடைய உரிமை என்று தானே சொல்லிப் பழகிய பிறகுதான் மூச்சுப் பயிற்சிக்கும், அந்த இடத்தை விட்டு விலகுவதற்கும் பொருள் உண்டு. கொதிப்போடு இருக்கும் நாளில் குடிக்கப் போகக் கூடாது என்ற முடிவும் இதே பயிற்சியில் எடுக்கப்பட வேண்டியது.

பதில் 2: வழக்கறிஞர், ஈரோடு

சாக்கு என்ற ஐயத்துக்குச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கிறது. தானே விரும்பிக் குடித்தவருக்கு, போதை என்பது தண்டனையிலிருந்து விலக்கு அளிப்பதில்லை. நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 23, 24ஆம் பிரிவுகள் இதைப் பற்றியவை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். பயிற்சிக்கு அனுப்பிவிட்டோம் என்று கூறி எந்தப் புகாரையும் முடித்துவைக்காதீர்கள். பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணைத் தையல் பிரிவிலும் பெண்கள் விடுதியிலும் எழுதி ஒட்டிவையுங்கள்.

பதில் 3: தையல் பிரிவு மேற்பார்வையாளர், அவிநாசி

தம்பி, நீங்கள் இதைக் கேட்டதே எனக்கு ஆறுதலாக இருக்கிறது. இத்தகைய கூட்டங்களில் பெரும்பாலும் பெண்களை உட்காரவைத்து, எந்நேரம் வெளியே வரக் கூடாது என்று பாடம் எடுப்பார்கள். அதை எங்களால் இனியும் கேட்க முடியாது. அத்துமீறுபவன் தனியாக வருவதில்லை, பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் நண்பர்களும் இருப்பார்கள். "வாடா மச்சான், போகலாம்" என்று தோளைப் பிடித்து அழைத்துச் செல்ல அவர்களுக்கும் பழக்கிவிடுங்கள். ஒரு பெண் மறுத்தால் ஆணின் கௌரவம் போய்விட்டது என்ற எண்ணம் அப்படியே இருந்தால், ஆலோசகர் சொல்லும் பயிற்சி நிலைக்காது என்பது என் கருத்து. பயிற்சியைச் சம்பளத்துக்கு முந்தைய நாளான வெள்ளிக்கிழமை, வேலை நேரத்துக்குள்ளேயே வையுங்கள். ஷிப்ட் முடிந்த பிறகு வைத்தால் யாரும் உட்கார மாட்டார்கள்.