மகாஓயா வெந்நீருக்கு அடியில் இருப்பதைத் தடைத்திறன் கருவியால் பார்க்கலாமா?

வந்தாறுமூலை மாணவன்
வணக்கம். கம்பஸில் பௌதிகவியல் கடைசி வருடம். போன மாதம் மகாஓயா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். ஒன்றில் கை வைக்க முடியவில்லை, சில அடி தள்ளியிருக்கும் இன்னொன்று வெறும் வெதுவெதுப்பு. எரிமலையே இல்லாத நாட்டில் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று தேடியபோதுதான், மலைநாட்டின் உயர்நிலத் தொகுதி, நம் கிழக்கின் விஜயன் தொகுதி என்ற இரண்டு பழைய பாறைத் தொகுதிகளும் சந்திக்கும் எல்லை அந்தப் பக்கமாகப் போகிறது என்றும், கபுரெல்ல, மகாபெலஸ்ஸ வெந்நீரூற்றுகளும் அதை ஒட்டியே வருகின்றன என்றும் தெரிந்தது. அந்த எல்லை எந்தப் பக்கம் சாய்ந்து எவ்வளவு ஆழம் போகிறது என்பதையே ஆய்வாக எடுக்க ஆசை. எங்களிடம் தடைத்திறன் கருவி (நிலத்துக்குள் மின்னோட்டம் செலுத்தி, அதற்கு எவ்வளவு தடை என்று அளப்பது) ஒன்றும் 200 மீற்றர் வயரும் இருக்கின்றன. போதுமா?

குழாய்க்கிணறு, அக்கரைப்பற்று
தம்பி, போதாது. நான் பல வருடமாகக் குழாய்க்கிணற்றுக்கு இடம் பார்ப்பவன், அதே கருவிதான். மின்னோட்டம் செலுத்த நிலத்தில் அடிக்கும் வெளி மின்வாய்கள் இரண்டுக்கும் இடையில் 200 மீற்றர் என்றால், அதில் நாலிலோ ஆறிலோ ஒரு பங்கு ஆழம்தான் நம்பிப் பார்க்கலாம். முப்பது, நாற்பது, மிஞ்சினால் ஐம்பது மீற்றர். நீங்கள் கேட்பது கிலோமீற்றர் கணக்கு. கரையோரத்தில் இன்னும் மோசம், மணலுக்குக் கீழே உப்புத்தண்ணீர் இருந்தால் மின்னோட்டம் அதற்குள்ளேயே பரவிவிடும், கீழே இறங்காது. ஒருமுறை இதைக் கவனிக்காமல் நான் காட்டிய இடத்தில் தோண்டிய குடும்பத்துக்கு உவர்த்தண்ணீர் வந்தது, இன்றைக்கும் அந்த வீட்டைக் கடந்து போகும்போது மனம் உறுத்தும். ஆனால் கருவியை ஒதுக்க வேண்டாம். வெந்நீர் மேலே வரும் வெடிப்பு ஆழமில்லாத இடத்தில் எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க அது நல்ல கருவி. சூடான, உப்புக் கரைந்த நீர் நிறைந்த வெடிப்பு குறைந்த தடையாகத் தெரியும், சுற்றியுள்ள நைஸ் பாறை ஆயிரக்கணக்கான ஓம் மீற்றர் காட்டும்.

மருதமுனை அதிர்வு
அண்ணா சொன்னது சரி. நான் நில அதிர்வு படிப்பவள், ஏன் படிக்க வந்தேன் என்பதை ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை 6.58க்குச் சுமாத்திராவுக்கு அருகே 9.1 அளவில் அதிர்ந்தது. அந்த அதிர்வலை சுமார் நாலு நிமிடத்தில் கண்டிக்கு அருகே உள்ள பல்லேகலை நில அதிர்வு நிலையத்துக்கு வந்துவிட்டது, கடல் நம் கரைக்கு வரக் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நமக்கு அதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

தம்பி, அதே பல்லேகலை நிலையத்தின் பதிவுகள் இணையத்தில் இலவசம். பைதான் தெரிந்தால் ஒப்ஸ்பை என்ற இலவச நிரலால் திறக்கலாம். ஜப்பானிலோ பிலிப்பைன்ஸிலோ பெரிய நிலநடுக்கம் வந்தால், கீழிருந்து ஏறி வரும் பி அலையில் (முதலில் வந்து சேரும் வேகமான அதிர்வலை) ஒரு பங்கு புவியோட்டின் அடியில், மோகோரோவிசிச் என்ற அறிஞர் 1909இல் கண்ட எல்லையில், எஸ் அலையாக மாறும். எஸ் மெதுவானது என்பதால் பிந்தி வரும். பிந்துவது சுமார் நாலு விநாடி என்றால் புவியோடு ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தடிப்பு. 2016, 2017இல் நாடு முழுக்க 30 தற்காலிக நிலையங்கள் வைத்து இப்படித்தான் அளந்தார்கள். மலைநாட்டின் கீழ் 40 வரை, கரையை நோக்கி 30, 35.

ஆனால் ஒரே நிலையத்தால் எல்லையின் சாய்வு முழுதும் பிடிபடாது. அதற்கு மகாஓயாவை ஒட்டி மின்காந்த ஆழ்நோக்கு செய்ய வேண்டும். மின்னலும் சூரியக் காற்றும் நிலத்தில் தூண்டும் இயற்கை மின்னோட்டத்தை அளப்பது அது, மின்சாரம் நாம் செலுத்துவதில்லை. 1000 ஓம் மீற்றர் பாறையில் ஒரு விநாடி அலைவுக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர் இறங்கும். கபுரெல்லவில் செய்திருக்கிறார்கள். அங்கே பெரிய தலையிடி யானை வேலி, அதன் துடிப்பு பதிவில் ஏறிவிடும்.

கல்லடி ஆசிரியை
ஒன்று விடுபட்டுப்போனது. பாறையைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் ஆய்வுதான். கதிர்காமப் பக்கத்தில் விஜயன் பாறைக்கு நடுவே உயர்நிலப் பாறை தனியாக மேலே கிடக்கிறது, சுற்றிலும் தொடர்ச்சி இல்லை. சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன் ஒரு தொகுதி மற்றதன் மேல் தள்ளப்பட்டது என்பதற்கு அதைவிட நேரடிச் சாட்சி வேண்டுமா? இதைத் தெரிந்துகொண்டு போனால் கருவி தரும் வளைகோட்டைப் படிக்கும்போது எது சாத்தியம் எது இல்லை என்று பிரிக்கலாம், ஏனென்றால் ஒரே அளவீட்டுக்கு நாலைந்து விதமான நிலத்தடி பொருந்தும்.

வந்தாறுமூலை மாணவன்
மூவருக்கும் நன்றி. தலைப்பை மாற்றுகிறேன். பல்லேகலைப் பதிவால் புவியோட்டுத் தடிப்பு, மகாஓயாவில் வெடிப்புக்குத் தடைத்திறன். அக்கா, எத்தனை நிலநடுக்கம் சேர்க்க வேண்டும்? அண்ணா, வயர் போடும்போது கூட வருவீர்களா?

மருதமுனை அதிர்வு
சத்தமில்லாத பதிவு முப்பது நாற்பதாவது சேரட்டும், அளவு 6க்கு மேற்பட்ட நிலநடுக்கமாகத் தேடுங்கள். மாரிக் காலத்தில் கடல் கொந்தளிப்பு பதிவில் தெரியும், வடிகட்டப் பழகுங்கள்.

குழாய்க்கிணறு, அக்கரைப்பற்று
வருகிறேன். மழை தொடங்க முன் போவோம், வெயில் ஏற முன் முடிப்போம். மின்வாய் அடிக்கும் இடத்தில் ஊற்ற உப்புத்தண்ணீர் ஒரு கலன் கொண்டுவாருங்கள். மாலை நாலுக்குப் பிறகு அங்கே நிற்கக் கூடாது, யானை இறங்கும்.