பூட்டனாருக்கு வயது 86 அல்ல

அன்பான ஊர் உறவுகளுக்கு,

எங்கள் பூட்டனாரின் கல்வெட்டை, அதாவது அவர் இறந்தபோது நினைவாக அச்சிட்ட சிறு நூலை, சித்தப்பா படமெடுத்து அனுப்பியிருந்தார். எங்களிடம் இருந்த பிரதி, 2009இல் இடம்பெயர்ந்தபோது ட்ரங்குப் பெட்டியோடு வழியில் போய்விட்டது. பார்த்ததும் அழுகை வந்தது. ஆனால் முதற்பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. 1983 மாசியில் காலமானபோது அவருக்கு வயது 86 என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

பூட்டனாரிடம் சாதகமும் இல்லை, பிறப்புப் பதிவும் இல்லை. வயதைக் கேட்டால் மூன்று விடயங்களைச் சொல்வார். அவர் மடியில் இருந்து அப்பா கேட்டிருக்கிறார். மாங்குளத்தில் முதல் ரயில் ஓடியபோது அவர் தவழ்ந்த பிள்ளை. வன்னியை ஆண்ட பண்டார வன்னியன் தோற்ற இடத்தில் வெள்ளைக்காரன் நட்ட கற்சிலைமடுக் கல்லுக்கும் அவருக்கும் ஒரே வயது. அவருடைய தாய் ஐப்பசியை ஒட்டி நடக்கும் காலபோக நெல் விதைப்பை விட்டு எழுந்து வந்து அவரைப் பெற்றாள். இலங்கையின் வடபகுதி ரயில் பாதை முழுவதும் திறக்கப்பட்டது 1905 ஆகஸ்டில். கல் நட்டது 1904இல். ஆகவே 1904 ஐப்பசியை ஒட்டித்தான் பிறந்திருக்க வேண்டும். இறந்தபோது வயது 78.

எட்டு வயது கூடினால் என்ன என்று நினைக்காதீர்கள். அவர் தம் பிள்ளைகளில் இருவரைக் காட்டுக்காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவுக்கு, கொடுத்தவர். அந்தக் காலத்து வன்னியில் குளம் இருந்த இடமெல்லாம் காய்ச்சலும் இருந்தது. விளைந்த நெல்லை வெட்ட ஆளில்லாமல் விட்ட வயல்களைப் பற்றி ஆச்சியும் சொல்வார். அந்தக் காய்ச்சலுக்குக் குடித்த கொயினா மருந்தின் கசப்பைச் சொல்லும்போதே பூட்டனாரின் முகம் சுருங்குமாம். 1946இல் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பைக் கொல்ல வீடு வீடாக டி.டி.டி. மருந்து அடிக்க வந்தார்கள். மண்சுவரில் வெள்ளை படிந்ததைக் கண்டு ஊர் முணுமுணுத்தபோது, அவர் மட்டும் மாட்டுக்கொட்டிலையும் திறந்துவிட்டாராம். அப்போது அவருக்கு நாற்பத்தொன்று. கல்வெட்டுக் கணக்கின்படி ஐம்பதை நெருங்கிய கிழவர். உண்மையில் அவர் இன்னும் பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்த தகப்பன். என் அப்பாவின் தாய் அதற்கு அடுத்த வருடம் பிறந்தவர்; காய்ச்சல் தீண்டாமல் வளர்ந்த முதற்பிள்ளை அவர்தான்.

1964 மார்கழிப் புயலையும் அவர் சொல்வார். மறுநாள் தனுஷ்கோடியை அழித்த அதே புயல். அறுபது வயதில், விடியுமுன் மண்வெட்டியோடு குளக்கட்டுக்குப் போனவர், குளத்தின் மிகுநீர் வழியும் வான் பாய்ந்து அடங்கிய பிறகுதான் வீடு திரும்பினாராம்.

காய்ச்சலில் போன இரு பிள்ளைகளையும் குளத்து நீரோரமான அலைகரையில் நின்ற பாலைமரத்தடியில் புதைத்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர்களின் பெயர் கல்வெட்டில் இல்லை. எங்கள் வீட்டிலும் இப்போது யாருக்கும் தெரியாது. குளத்தின் கிழக்குப் பக்கம் இருந்த மூத்தவர்கள் யாருக்காவது அந்தப் பெயர்கள் ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். மறுபதிப்பில் வயதைத் திருத்தும்போது அவர்களையும் சேர்க்க வேண்டும்.