நீர்நிலைகளுக்கு நிபுணர்கள் சம்பளம் இல்லாமல் உழைப்பது: உதவியா, பொறுப்பைத் தட்டிக்கழிக்க வழியா?

ஓடைக்கரை:
நான் நிலத்தடி நீர் ஆய்வாளர். 19 வருடமாக இந்த வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. வார இறுதிகளில் ஓர் ஏரியைக் காக்கப் பாடுபடும் குழுவுக்குச் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறேன். ஆழ்துளைக் கிணறுகளின் மண்ணடுக்குப் பதிவுகளைப் படித்துச் சொல்வது, நீர்மட்ட வரைபடம் போட்டுக் கொடுப்பது, கழிவுநீர் மண்ணுக்குள் எந்தப் பக்கம் நகரும் என்று கணக்குப் போடுவது, இப்படி. போன வாரம் என்னோடு வேலை செய்பவர் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்: "நீ சும்மா செய்து கொடுப்பதால்தான் அந்த வேலைக்கு ஆள் போட மாட்டேன் என்கிறார்கள், தெரியுமா?"

இரண்டு நாள் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் என் எண்ணம் மாறவில்லை. உலகத்துத் தண்ணீரில் நன்னீர் 2.5 சதவீதம்தான், அதிலும் மூன்றில் இரண்டு பங்கு பனியாக உறைந்து கிடக்கிறது. மிச்சத்தைப் பார்த்து அதன் உடம்புக்கு என்ன என்று சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். ஏரியால் யாருக்கும் கட்டணம் தர முடியாது. தெரிந்தவர்கள் வாய் திறக்காமல் இருந்தால் அந்தப் படிப்பு எதற்கு? எதிர்க் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

நீரளவி:
உங்களோடு வேலை செய்பவர் சொன்னதுதான் சரி. நான் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவன், அதனால் பணத்தைவிடப் பொறுப்பைப் பற்றித்தான் கவலைப்படுவேன்.

கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000 மே மாதம் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பெருமழைக்குப் பிறகு மாட்டுச்சாணக் கழிவு கிணற்றில் இறங்கி, ஈ.கோலை கிருமி குழாய்வழி வீடுகளுக்குப் போனது. 7 பேர் இறந்தார்கள், 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். தண்ணீரைச் சோதித்த தனியார் ஆய்வகத்துக்கு மாசு இருப்பது தெரியும். முடிவை அது நீர் வழங்கும் அமைப்புக்கு மட்டும் அனுப்பியது, அங்கே இருந்தவர்கள் அமுக்கிவிட்டார்கள். சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும் என்று ஆய்வகத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அன்று இல்லை. அதற்குச் சில வருடம் முன்புதான் அரசு தன் சொந்தச் சோதனைக்கூடங்களை இந்த வேலையிலிருந்து விலக்கிக்கொண்டிருந்தது.

காசு வாங்கிய ஆய்வகத்துக்கே அந்தக் கதி என்றால், ஞாயிற்றுக்கிழமை வந்து போகும் தன்னார்வலரிடம் ஒரு மோசமான எண் கிடைத்தால் அவர் யாரிடம் சொல்ல வேண்டும்? சொல்லாவிட்டால் யார் அவரைக் கேட்க முடியும்? நல்ல மனசு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விசாரணை என்று வந்தால் நல்ல மனசைக் கூண்டில் ஏற்ற முடியாது.

கூழாங்கல்:
நீரளவி, நீங்கள் சொன்ன கதையிலேயே தவறு செய்தவர்கள் எல்லாரும் சம்பளம் வாங்கியவர்கள்தானே!

அமெரிக்காவின் ஃபிளின்ட்டைப் பாருங்கள். 2014 ஏப்ரலில் குடிநீரை ஆற்றுக்கு மாற்றினார்கள், குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்கும் பாஸ்பேட்டைச் சேர்க்காமல் விட்டார்கள், பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் இறங்கியது. சோதனைக்குத் தண்ணீர் பிடிக்க மக்களுக்குக் கொடுத்த குறிப்பில், முந்தைய இரவே குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிடச் சொல்லியிருந்தார்கள். அப்படித் திறந்துவிட்டால் குழாயில் சேர்ந்திருந்த ஈயம் அடித்துக்கொண்டு போய்விடும், காலையில் பிடிக்கும் தண்ணீரில் எண் குறைவாக வரும்.

2015ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸும் மாணவர்களும் சுமார் 300 சோதனைப் பெட்டிகளை அனுப்பினார்கள். தண்ணீர் மணிக்கணக்காக நின்ற பிறகு முதல் லிட்டர் ஒரு குப்பி, 45 விநாடி ஓடவிட்டு இன்னொன்று, 2 நிமிடம் ஓடவிட்டு மூன்றாவது. மக்களே பிடித்து அனுப்பினார்கள். அரசு நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று அன்று வைத்திருந்த வரம்பான 15 பிபிபியை (நூறு கோடிப் பங்கில் 15 பங்கு) ஈயம் தாண்டியிருந்தது. குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, தண்ணீர் மாறிய பிறகு குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதைக் காட்டினார். அந்த அக்டோபரிலேயே பழைய நீர் ஆதாரத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. எந்த அரசு அலுவலகமும் இவர்களைக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுக்கவில்லை. பொறுப்பில் இருந்தவர்கள் "தண்ணீர் நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நீரளவி:
அதை மறுக்கவில்லை. ஆனால் ஃபிளின்ட்டுக்குப் போனவர் ஈயக் குழாய் ஆராய்ச்சியிலேயே வருடக்கணக்காக ஊறியவர், கையில் ஆய்வகம் இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள். அப்படி ஒருவர் வராத ஊர்களுக்கு என்ன வழி? நல்லவர் யாராவது வந்தால் பிழைக்கலாம் என்ற நிலையில் குடிநீரை வைக்கக் கூடாது என்கிறேன், அவ்வளவுதான்.

ரசாயனர்:
31 வருடம் நீர் ஆய்வகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஏரிக் குழுக்களுக்குச் சோதனை சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் எனக்கு அனுபவம் உண்டு, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கெட்ட செய்தி. ஒரு குழு ஆறு மாதம் பாஸ்பரஸ் அளந்து வைத்திருந்தது. எண்கள் ஏறியும் இறங்கியும் தாறுமாறாக இருந்தன. நான் போய்ப் பார்த்தால், குப்பிகளைப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருக்கிறார்கள், அந்தத் தூளிலேயே பாஸ்பேட் இருக்கிறது. அமிலத்தில் அலசி, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை கழுவ வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு மாத வேலையையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆகவே, நீரளவி தம்பி, உங்கள் பயம் நியாயமான பயம்.

இன்னொன்றும் பார்த்தேன். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்லர் முறையை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏரியின் அடியிலிருந்து எடுத்த தண்ணீரைக் குப்பியில் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டு மூடித் திருப்பித் திருப்பி ஆட்ட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாக ஒரு வீழ்படிவு இறங்கும். அன்றைக்கு இறங்கியது வெள்ளையாக. சுத்த வெள்ளை. ஒரு பெண் "அம்மா, நான் தப்பாகச் செய்துவிட்டேனா?" என்று கேட்டாள். இல்லை, சரியாகத்தான் செய்திருக்கிறாய், கீழே மூச்சு விட எதுவும் இல்லை என்றேன். திரும்ப எடுத்துப் பார்த்தோம், மறுபடியும் வெள்ளை. அதுவரை பாசி நாற்றத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த குழு, அன்றிலிருந்து அடித்தண்ணீரை அளக்கத் தொடங்கியது. நான் அங்கே போகாமல் இருந்திருந்தால் அந்த வெள்ளைக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

அடிபம்பு:
நான் பொறியாளர். இளவயதில் தன்னார்வலராகக் கிராமங்களுக்குப் போய் அடிபம்பு போட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்புறம் ஒருமுறை அதே வழியில் போனபோது நான் போட்ட பம்புகளில் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை. பெரிய கோளாறு எதுவும் கிடையாது. உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது, மாற்ற ஒரு வாஷர் கிடைக்கவில்லை, கழற்றத் தெரிந்த ஆளும் இல்லை. நாங்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம், மக்கள் பழைய குட்டைக்கே போய்விட்டார்கள். இதைச் சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கிறது எனக்கு.

வங்கதேசத்தை மறந்துவிடக் கூடாது. 1970களிலிருந்து குட்டைத் தண்ணீரின் கிருமியிலிருந்து காப்பாற்றத்தான் லட்சக்கணக்கில் குழாய்க்கிணறு போட்டார்கள். நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

கூழாங்கல்:
அந்தக் கிணறுகளைப் போட்டதும் பெரிய நிறுவனங்களும் அரசும்தான் ஐயா, தன்னார்வலர்கள் இல்லை. அந்த வட்டாரத்தில் ஆபத்தை முதலில் பிடித்தவர் யார்? கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாகா. 1983ல் தன்னிடம் வந்த நோயாளிகளின் தோலைப் பார்த்தே அவருக்குச் சந்தேகம் வந்தது. பிறகு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி வருடக்கணக்கில் மாதிரி எடுத்துக் கத்திக்கொண்டே இருந்தார். கேட்க வேண்டியவர்கள் கேட்கத்தான் நாளாயிற்று.

வழக்குக்கட்டு:
நடுவில் ஒரு சின்ன விஷயம். நிபுணர் என்றால் எல்லாரும் விஞ்ஞானியையே நினைக்கிறீர்கள். நான் வழக்கறிஞர், ஒரு குழுவுக்காகக் கழிவுநீர் வெளியேற்ற அனுமதிப் பத்திரத்தை வரி வரியாகப் படித்தேன். வரம்பு மாதச் சராசரிக்கு மட்டும் போட்டிருந்தது, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பே இல்லை. ஒரே ராத்திரியில் கொட்டிவிட்டு மிச்ச நாள் சும்மா இருந்தால் தாளில் எல்லாம் சரி. அந்த ஒரு வரியைத் திருத்தக் கேட்பதுதான் இப்போது நடக்கிறது.

ஓடைக்கரை:
எல்லாவற்றையும் படித்தேன். நீரளவி, உங்களுக்குப் பதில் தேடியபோது அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரி ஞாபகத்துக்கு வந்தது.

1955ல் அந்த ஏரியில் ஆசிலேட்டோரியா என்ற நீலப்பச்சைப் பாசி வந்தது. சுற்றியுள்ள ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீர் எல்லாம் ஏரிக்குள்தான் விழுந்துகொண்டிருந்தது. டபிள்யூ.டி. எட்மண்ட்சன் என்ற பேராசிரியருக்கு அந்தப் பாசி என்ன சொல்கிறது என்று தெரியும், சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரி கெட்டபோதும் அதே பாசிதான் முன்னால் வந்தது. அவர் அதைக் கட்டுரையாக எழுதியதோடு நிற்கவில்லை, ஜேம்ஸ் எல்லிஸ் என்ற வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதினார். எல்லிஸ் தன் தொழிலுக்கு நடுவே, எல்லா ஊர்க் கழிவுநீரையும் சேர்த்துக் கவனிக்க ஒரே பொது அமைப்பு வேண்டும் என்று பாடுபட்டுக்கொண்டிருந்தவர். அந்த அமைப்புக்காக 1958 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பு தோற்றது. செப்டம்பரில் திரும்பக் கேட்டு ஜெயித்தார்கள். 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீரை ஏரியிலிருந்து திருப்பிவிட்டார்கள். தண்ணீரின் தெளிவைப் பார்க்க இறக்கும் செக்கி தட்டு ஒரு மீட்டர் ஆழத்திலேயே கண்ணுக்கு மறைந்த ஏரியில், 1970களின் நடுவில் பல மீட்டர் கீழே போனாலும் தட்டு தெரிந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான். எட்மண்ட்சனோ எல்லிஸோ காலம் பூராவும் கழிவுநீரைச் சுமந்துகொண்டிருக்கவில்லை. அதைச் செய்ய வேண்டிய அமைப்பை உண்டாக்குகிற வரைக்கும்தான் தங்கள் படிப்பைக் கொடுத்தார்கள். சம்பளமும் பதில் சொல்லும் கடமையும் உள்ளவர்களிடம் வேலை போய்ச் சேர்ந்தது.

நீரளவி:
இந்த உதாரணத்தை ஏற்கிறேன். எட்மண்ட்சன் சம்பளம் வாங்கிய பேராசிரியர் என்று சொல்லலாம், ஆனால் கடிதம் எழுதச் சொல்லி அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, அது உண்மை.

சரி, இப்போது உங்கள் ஏரிக்கு வாருங்கள். எத்தனை வருடமாக வரைபடம் போட்டுக் கொடுக்கிறீர்கள்? அந்த வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டியது யார்? அவர்களிடம் எப்போதாவது எழுத்தில் கேட்டிருக்கிறீர்களா?

ஓடைக்கரை:
ஆறு வருடம். கேட்டதில்லை. குழுவுக்குக் கொடுத்தேன், குழு கூட்டத்தில் காட்டியது, அத்தோடு சரி. இந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்பவர் சொன்னது போல நிறுத்திவிட மாட்டேன். இந்த வாரம் ஆறு வருட நீர்மட்டத் தரவையும், எந்தக் கிணறு, எந்தத் தேதி, எந்தக் கருவி என்ற விவரத்தோடு ஒழுங்கு செய்து, உள்ளாட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் என் பெயர் போட்டே அனுப்பப் போகிறேன். மாதா மாதம் அளக்க ஓர் ஆளை நியமியுங்கள், அவருக்கு ஒரு வருடம் நான் சொல்லிக் கொடுக்கிறேன், அதற்குப் பிறகு என்னிடமிருந்து வரைபடம் வராது என்றும் எழுதுவேன்.

நீரளவி:
கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். கடிதத்தை அனுப்பும் முன் ஒருமுறை காட்டினால், அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

வழக்குக்கட்டு:
பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ரசாயனர்:
ஓடைக்கரை, நீர்மட்டத்தோடு தண்ணீர் மாதிரியும் எடுத்திருக்கிறீர்களா? எடுத்திருந்தால் குப்பியை எதில் கழுவினீர்கள் என்று முதலில் எனக்குச் சொல்லுங்கள், அப்புறம் அனுப்பலாம்.